தறிக்குழியிலிருந்து தொடங்குங்கள்: பழைய நெசவாளர் வீட்டை அளந்து பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் நடுவில் ஒரு சிற்றூரில் எங்கள் தாத்தாவின் வீடு இருந்தது. இரண்டு தறி ஓடிய வீடு. அதை இடித்து மாடி வீடு கட்டியபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். இன்று அந்த வீட்டின் அடையாளமாக எங்களிடம் இருப்பது சித்தியின் கல்யாணப் படம் ஒன்றுதான். மணமக்களுக்குப் பின்னால் நிலைக்கதவில் பாதி தெரிகிறது. கூடம் எத்தனை அடி, நெய்பவர் காலைத் தொங்கவிடும் தறிக்குழி எந்தச் சுவரை ஒட்டி இருந்தது என்று கேட்டால் வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள்.

அதற்கப்புறம்தான் மற்றவர்களுடைய வீடுகளை அளக்க ஆரம்பித்தேன். கோயிலையும் அரண்மனையையும் செட்டிநாட்டு வீட்டையும் படம் பிடிக்க ஆள் இருக்கிறார்கள். ஒரு தறியும் ஒரு அடுப்பும் ஒரு கிணறும் உள்ள வீட்டை யாரும் அளப்பதில்லை. ஊருக்குள் சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருக்கும் கட்டடம் இதுதான்.

அளந்து அளந்து நான் கற்றது ஒன்று. நெசவாளர் வீட்டில் தறி குடியிருக்க வந்த பொருள் இல்லை. தறிக்காகத்தான் வீடு. கூடத்தின் நீளம், ஜன்னலின் உயரம், கூரையின் சாய்வு, தெருவின் அகலம் எல்லாமே தறி கேட்டதைக் கொடுத்தவை. அதனால் வாசலிலிருந்து அளக்காதீர்கள், குழியிலிருந்து அளங்கள். கீழே சொல்வதெல்லாம் வட தமிழ்நாட்டுப் பட்டு, பருத்தி நெசவூர்களை மனத்தில் வைத்துச் சொல்வது. சேலம், சென்னிமலை, பரமக்குடிப் பக்கம் போனால் சொற்கள் மாறும், வேலை செய்யும் முறை மாறாது.

போவதற்கு முன்

30 மீட்டர் நாடா ஒன்று, 5 மீட்டர் இரும்பு டேப் ஒன்று, தூக்குக்குண்டு, கட்டம் போட்ட நோட்டு, பென்சில், டார்ச், சாக்பீஸ். கூட ஒரு ஆள். தனியாக அளந்தால் நாடாவின் மறுமுனை தொங்கிவிடும், அளவு 2 அங்குலம் ஏறிவிடும்.

தறி இன்னும் ஓடும் வீடாக இருந்தால் பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலை, தொடாதீர்கள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பட்டு நூலில் கறை நிற்கும், அந்தச் சேலைக்குக் கூலியில் பிடித்தம் விழும். உங்கள் ஆர்வத்துக்கு அவர்கள் காசு கொடுக்கக் கூடாது. குழிக்குள் இறங்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு, செருப்பில்லாமல் இறங்குங்கள். பல வீடுகளில் தறிக்கு விளக்கேற்றிக் கும்பிடுவார்கள். அது அவர்களுக்குச் சாமி.

படி 1: தெருவை முதலில் நடந்து பாருங்கள்

வீட்டுக்குள் போகும் முன் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடங்கள். நெசவாளர் தெரு பெரும்பாலும் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். மூன்று சேலைக்கான பாவு ஏறக்குறைய 18 கஜம், அதாவது 50 அடிக்கு மேல். அதை எந்த வீட்டுக்குள்ளும் முழுதாக விரிக்க முடியாது. விடியற்காலையில், வெயில் ஏறி நூல் முறுகும் முன், தெருவில்தான் விரித்து இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளை முடிவார்கள். தெருவே அவர்களுடைய இன்னொரு அறை. சேலம் பக்கத்தில் இதற்கென்றே விட்ட வெளிக்குப் பாவடி என்று பெயர். பாவு விரிப்பது நின்றுபோன இடங்களிலும் அந்தப் பெயர் நிற்கிறது.

தெருவின் அகலத்தை மூன்று இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மரங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்றும் குறியுங்கள், நிழல் பாவுக்கு வேண்டியது. முக்கியமாக, சாலை மட்டத்துக்கும் வீட்டுத் தரை மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளங்கள். பழைய வீடுகள் தெருவைவிட இரண்டு மூன்று படி உயரத்தில் கட்டப்பட்டவை. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, இன்று பல தெருக்களில் சாலை திண்ணைக்குச் சமமாக வந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நேராகத் தறிக்குழிக்குள் இறங்குகிறது. குழி நிறைந்தால் தண்ணீரை இறைத்துக் காயவைக்கும்வரை அந்த வீட்டில் கூலி இல்லை. புதைந்துபோன படிகளை எண்ணினாலே வீடு எவ்வளவு தாழ்ந்துவிட்டது என்று தெரியும்.

படி 2: திண்ணை, நிலை, நடை

திண்ணையில் அதிக நேரம் செலவிட வேண்டாம். நீளம், அகலம், உயரம் போதும். ஆனால் தூண்களைப் பாருங்கள். அடியில் கல், மேலே மரம் என்றால் கரையானுக்கும் சாரலுக்கும் பயந்து கட்டியது. ராட்டை வைத்துத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் பெண்கள் வெளிச்சத்துக்காக உட்காரும் இடம் பெரும்பாலும் இதுதான். எந்த ஓரத்தில் தரை அதிகம் தேய்ந்திருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள்.

நிலைக்கதவில் செதுக்கிய தாமரை, கஜலட்சுமி எல்லாம் படத்தில் அழகாக வரும், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதவை வைத்து வீட்டின் வயதைச் சொல்லிவிடாதீர்கள். கதவும் நிலையும் வீடு விட்டு வீடு போகும் பொருள்கள். இடிந்த வீட்டிலிருந்து வாங்கி வந்து பொருத்துவது அன்றும் உண்டு. நிலையின் மேல் கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் துண்டுச் செங்கல் அடைத்திருந்தால் அது பின்னால் வந்த நிலை.

படி 3: தறிக்குழி

இங்கேதான் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார். குழியின் ஆழம் பெரும்பாலும் 2 முதல் 2½ அடி. இது ஆளின் கால் நீளத்துக்கு வெட்டியது. ஒரே வீட்டில் இரண்டு குழிகளின் ஆழம் வேறுபட்டால் ஏன் என்று கேளுங்கள். ஒரு வீட்டில் நான் கேட்டபோது பெரியவர் சொன்னார்: "அது எங்க அம்மா உட்கார்ந்த குழி, அவங்க குள்ளம்." அந்த 4 அங்குல வித்தியாசம் எந்த ஆவணத்திலும் இருக்காது.

குழி எதற்கு என்று கேட்டால் இரண்டு பதில் உண்டு. ஒன்று, தறியின் மரச் சட்டத்துக்கு உயரமான கால்கள் வேண்டாம், தரையே தாங்கிக்கொள்ளும். இன்னொன்று, மண்ணின் ஈரம் பாவுக்குக் கிடைக்கும், காய்ந்த காற்றில் நூல் அதிகம் அறும். அதனால்தான் குழியின் பக்கங்களைச் சிமெண்ட் பூசாமல் மண்ணாகவோ சும்மா அடுக்கிய செங்கலாகவோ விட்டிருப்பார்கள். குழியின் பக்கச்சுவர் எதனால் ஆனது என்பதைத் தவறாமல் எழுதுங்கள்.

இனி அளவு. குழியின் நீள, அகல, ஆழம். குழியின் நடுவிலிருந்து நான்கு சுவருக்கும் தூரம். அப்புறம், துணி சுருளும் படைமரத்திலிருந்து எதிரே பாவைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டும் தூண் அல்லது முளைவரை உள்ள தூரம். பழைய முறையில் பாவு முழுவதையும் உருளையில் சுற்றாமல், நீளமாக இழுத்துக் கட்டி, மிச்சத்தை மூட்டையாக முடிந்து வைப்பார்கள். நெய்ய நெய்யக் கயிற்றைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். அந்தக் கயிறு நெய்பவர் கைக்கு எட்டும் இடத்துக்கே திரும்பி வரும். கூடம் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது இந்தத் தூரம்தான். அகலத்துக்கும் கணக்கு உண்டு. சேலை ஏறக்குறைய 4 அடி அகலம், அதற்கு இருபுறமும் கை வீச இடம். கரையையும் உடலையும் தனித்தனியாக நெய்து கோக்கும் கோர்வைச் சேலை என்றால் கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா. (இங்கே நாடா என்பது அளக்கும் நாடா இல்லை, குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் தறிக் கருவி.) கரை நாடாவை வாங்கிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். பல காலம் அந்த இன்னொருவர் வீட்டுப் பிள்ளைதான். குழியின் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இடம் விட்டிருந்தால் அங்கே யார் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பல வீடுகளில் கொஞ்ச நேரம் பதில் வராது. பள்ளிக்கூடம் போகாத ஒருவருடைய இடம் அது. காத்திருங்கள்.

தறி போய், குழி மூடிய வீடுகளில் என்ன செய்வது? குழியைக் கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. தரையைக் குதிகாலால் தட்டிக்கொண்டே நடங்கள், மண் கொட்டி மூடிய இடத்தில் சத்தம் மாறும், சில இடங்களில் தரை லேசாக உள்வாங்கியிருக்கும். நீள்சதுரமாக நிறம் மாறிய சிமெண்டைத் தேடுங்கள். சுவரில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சின்ன மாடம் இருக்கிறதா? நிற்கிறவர் எண்ணெய் விளக்கு வைக்க அவ்வளவு தாழ்வாக யாரும் மாடம் வைப்பதில்லை. தரையில் உட்கார்ந்திருப்பவர் கை நீட்டித் தார்க்குச்சி எடுக்க வைத்தது அது. அந்த மாடத்துக்குப் பக்கத்தில்தான் குழி இருக்கும். தலைக்கு மேல் உத்திரத்தில் கயிறு உரசி வழவழப்பான பள்ளம், இரும்பு வளையம், முளை அடித்த துளை எல்லாம் விழுது, பண்ணை போன்ற தறி உறுப்புகளைத் தொங்கவிட்ட இடங்கள். அந்தக் குறிகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். புள்ளிகளைச் சேர்த்தால் காணாமல் போன தறி தரையில் வரையப்பட்டுவிடும். முதன்முதலில் அப்படி ஒரு வீட்டில் நான் வரைந்தபோது, அந்த வீட்டு ஆயா வந்து கோட்டுக்குள் சரியாகத் தன் மாமனார் உட்காரும் இடத்தில் நின்றார்.

படி 4: தறி மாறியதை வீட்டில் தேடுங்கள்

இங்கிலாந்தில் ஜான் கே 1733-இல் விசைநாடாவைக் கண்டுபிடித்தார். நாடாவைக் கையால் எறியாமல் கயிற்றைச் சுண்டி ஓடவிடும் முறை. சென்னை மாகாணத்தில் அது பரவலாக வந்தது 1900-களின் தொடக்கத்தில்தான், அரசு எடுத்த முயற்சிகளுக்குப் பிறகு. விசைநாடாத் தறிக்கு இரண்டு ஓரத்திலும் நாடா போய் நிற்கப் பெட்டி வேண்டும், ஆகவே தறி அகலமாகிவிடும். பழைய குழி ஒரு பக்கம் வெட்டி அகலப்படுத்தப்பட்டிருந்தாலோ, சுவரில் ஒரு பகுதி செதுக்கப்பட்டிருந்தாலோ, ஏதோ ஒரு தலைமுறை அந்த மாற்றத்தைச் செய்திருக்கிறது. கோர்வைப் பட்டு நெய்த வீடுகளில் கைநாடாவே தொடர்ந்ததால் இந்தக் குறி இருக்காது. இரண்டு வீட்டையும் ஒப்பிட்டால் யார் எதை நெய்தார்கள் என்று பிரித்துவிடலாம்.

அடுத்தது ஜக்கார்டு பெட்டி. பிரான்சில் 1804-இல் உருவான கருவி, துளையிட்ட அட்டைகளை வைத்துப் பூ வேலைப்பாட்டை எடுப்பது. அதற்கு முன் அடை என்ற நூல் கட்டுகளைக் கட்டி, இழைகளைக் கையால் தூக்கித்தான் பூ எடுத்தார்கள். பெட்டி தறியின் தலைமேல் உட்காரும். தாழ்ந்த ஓட்டுக் கூரையில் அதற்கு இடம் கிடையாது. எனவே கூரையின் ஒரு பகுதி மட்டும் தூக்கிக் கட்டியிருக்கிறதா, பரண் பாதியில் அறுக்கப்பட்டிருக்கிறதா, தறி முகட்டுக்கு நேர் கீழே நகர்த்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தரையில் காங்கிரீட் மேடையும் போல்ட்டும் தெரிந்தால் அது விசைத்தறி வந்து போன தடம்.

படி 5: கூரை

ஏணி கேட்டு வாங்கி ஏறுங்கள், ஓட்டின்மேல் கால் வைக்க வேண்டாம். உள்ளிருந்தே பெரும்பாலானவை தெரியும்.

நாட்டு ஓடு குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து, ஈரத்திலேயே நெடுக இரண்டாகப் பிளந்து சுட்டது. கையகலம்தான் இருக்கும், அடுக்கடுக்காக வேயப்படும். கீழே மூங்கில் அல்லது பனை வரிச்சு, அதற்குக் கீழே வைரம் பாய்ந்த பனங்கைகள். ஒவ்வொரு கோடையிலும் ஓடு மாற்ற ஆள் வேண்டும். குரங்கு ஓடினால் போச்சு. சீமை ஓடு வந்ததும் மக்கள் மாறியதற்குக் காரணம் இதுதான்.

சீமை ஓடு என்கிற மங்களூர் ஓட்டில் ஒரு பெரிய உதவி உண்டு, அதில் ஒரு பொறியும் உண்டு. அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயரும் ஊரும் பதிந்திருக்கும். ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் சிலவற்றில் ஆண்டும் இருக்கும். பேசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் ஓடுகளில் 1865 என்று பார்த்துவிட்டு, வீடு 1865-இல் கட்டியது என்று எழுதிவிடுகிறார்கள். அது அந்த மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பிறகு வந்த ஓடுகளிலும் அதே எண்ணைப் பதித்தார்கள். முதல் உலகப் போரின்போது மிஷனின் தொழில்கள் கைமாறி காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயரில் தொடர்ந்தன. ஆக, மிஷன் பெயர் இருந்தால் பெரும்பாலும் போருக்கு முந்தைய ஓடு, டிரஸ்ட் பெயர் இருந்தால் பிந்தையது. அதுவும் ஓட்டின் வயதுதான், வீட்டின் வயது இல்லை. பழைய பனங்கையில் நெருக்கமாக வரிச்சு கட்டிய தடம் இருந்து, மேலே சீமை ஓடு இருந்தால், முன்பு நாட்டு ஓடோ கீற்றோ இருந்தது என்று அர்த்தம். ஒரே கூரையில் மூன்று நான்கு தொழிற்சாலைகளின் ஓடு கலந்திருப்பதும் சாதாரணம். எண்ணிக்கை எழுதுங்கள், எது அதிகமோ அது முதலில் போட்டதாக இருக்கலாம்.

கண்ணாடி ஓட்டைத் தவறவிடாதீர்கள். வரிசையில் ஒன்றோ இரண்டோ ஓடு மட்டும் கண்ணாடி. அதற்கு நேர் கீழேதான் நெய்யும் கை இருந்திருக்கும். ஜரிகைப் பூவை மங்கிய வெளிச்சத்தில் எடுக்க முடியாது. காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் அந்த வெளிச்சம் தரையில் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் வரைந்து, நேரத்தையும் தேதியையும் பக்கத்தில் எழுதிப் படம் எடுங்கள். ஜன்னலின் அடிக்கட்டை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பதும் வேண்டும். உட்கார்ந்திருப்பவர் தோளுக்கு வெளிச்சம் வர வேண்டும் என்பதால் தறிக்கூடத்து ஜன்னல் தாழ்ந்திருக்கும்.

வசதியானவர்கள் வீட்டில் முன்பகுதி மட்டும் மெட்ராஸ் டெரஸ் தளமாக இருக்கும். நெருக்கமாக வைத்த மரச் சட்டங்களின்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வரிசையில் அடுக்கி, சுண்ணாம்பு போட்டு இடித்தது. கூலிக்கு நெய்தவர் வீட்டுக்கும் நூல் கொடுத்து வாங்கிய முதலாளி வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்தத் தளத்தில் கண்ணுக்குத் தெரியும்.

படி 6: சுவர், சாந்து

சுவரின் தடிமனை ஜன்னல் ஓரத்தில் அளங்கள். மண்சுவர் ஒன்றரை முதல் 2 அடி இருக்கும், அடியில் தடித்து மேலே மெலியும். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரிந்தால் அதன் தடிமனைக் குறியுங்கள். மெல்லிய சப்பட்டைச் செங்கல் பழையது, இன்றைய தடித்த செங்கல் பின்னால் வைத்த ஒட்டு. பூச்சைக் கீறிப் பார்க்க வேண்டாம், ஏற்கெனவே உதிர்ந்த இடம் எல்லா வீட்டிலும் உண்டு. சுண்ணாம்பு அடித்த அடுக்குகளை அங்கேயே எண்ணலாம். காவி, நீலம், பச்சை என்று ஒவ்வொரு பொங்கலும் ஒரு தோலாக ஒட்டியிருக்கும்.

சாந்து பூசிய சுவரை நாம் சாதாரணமாகப் பார்க்கிறோம். அது ஒரு காலத்தில் கேட்டுப் பெற வேண்டிய உரிமையாக இருந்தது. கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் கோனேரிமைகொண்டான் என்ற பட்டப்பெயரில் வெளியான அரச ஆணைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு அரசன் அனுமதி கொடுக்கிறான்: நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது காலில் செருப்பு போடலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். ஊருக்கெல்லாம் கதவும் கலப்பையும் சிற்பமும் செய்து கொடுத்தவர்கள், தங்கள் மண்சுவரைப் பூசிக்கொள்ள ஆணை வரும்வரை காத்திருந்தார்கள். இந்த வரியைப் படித்த பிறகு ஒரு கைவினைஞர் வீட்டுச் சுவரை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. நெசவாளர்களுக்கும் இப்படி வரலாறு உண்டு. காஞ்சிபுரத்துக் கைக்கோளர் என்ற நெசவாளர்களுக்கு இருந்த தண்டு (பல்லக்கு), சங்கு உரிமையை மற்ற ஊர்க் கைக்கோளர்களும் கேட்டுப் பெற்றதை விஜயநகரக் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. சோழர் காலத்திலேயே தறி இறை என்று தறிக்கு வரி இருந்தது. கம்பெனி ஆட்சியிலும் தறிக்கும் தொழில் கருவிக்கும் வரி போட்டார்கள், மொகதர்பா என்று அதற்குப் பெயர். தறியை எண்ணத்தான் அரசுகள் நெசவாளர் வீட்டுக்குள் வந்தன. வீட்டை வரைந்து வைக்க யாரும் வரவில்லை.

படி 7: சமையலறையும் கொல்லையும்

சுருக்கமாகப் போதும்: அடுப்பு மேடை, புகை போகும் வழி, அம்மி, உரல் பதித்த இடம். புகை தறிக்கூடத்துக்கு வரக்கூடாது என்பதற்காக அடுப்பங்கரையைத் தள்ளி வைத்திருப்பார்கள், ஜரிகை கறுக்கும். கொல்லையில் கிணறு, அதன் பக்கத்தில் சாய வேலை நடந்திருந்தால் அடுப்புக் குழியும் கறை படிந்த கல்லும். கிணற்றிலிருந்து தறிக்குழிவரை தரைச் சரிவைப் பாருங்கள், மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும்.

படி 8: வயதைக் கணிப்பது

ஒரே ஆண்டைச் சொல்ல முயலாதீர்கள். இது பெரிய தவறு, நானும் ஆரம்பத்தில் செய்தேன். ஒரு வீடு ஒரே நாளில் பிறப்பதில்லை. சுவர், கூரை, தரை, கதவு, மின்சாரம் என்று ஐந்து பத்தி போட்டு, ஒவ்வொன்றுக்கும் "இதற்கு முன் இருக்க முடியாது", "இதற்குப் பின் வந்திருக்காது" என்று எழுதுங்கள். மரக்கட்டை மேல் ஓடும் வயரும் கறுப்பு உருண்டை சுவிட்சும் மின்சாரம் வந்த புதிதில் பொருத்தியவை. நம் கிராமங்களில் பெரும்பாலும் 1950, 60-கள். சிவப்புச் சிமெண்ட் தரை இருந்தால், அதற்கு அடியில் சாணம் மெழுகிய மண்தரை இருந்ததா என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

ஆவணங்களுக்கு வருவோம். வீடு நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) இருந்தால் பட்டா, நத்தம் நிலவரித் திட்டத்தில் வந்த பிந்திய தாளாக இருக்கும், பெரிதாக உதவாது. கிரயப் பத்திரமும் பாகப்பிரிவினைப் பத்திரமும்தான் தங்கச் சுரங்கம். நான்கெல்லை எழுதும் இடத்தில் "இன்னார் வீட்டுக்கு மேற்கு, சந்துக்குத் தெற்கு" என்று வரும். பக்கத்து வீட்டுப் பத்திரமும் கிடைத்தால் தெரு முழுவதையும் ஒரு தலைமுறைக்கு முன்பு இருந்தபடி வரைந்துவிடலாம். பாகப்பிரிவினையில் தறியும் கிணற்று உரிமையும் எப்படிப் பிரிக்கப்பட்டன என்று பாருங்கள். கூடத்தின் நடுவே திடீரென்று ஒரு சுவர் நின்றால் அந்தத் தேதி அங்கே இருக்கும். டிரங்குப் பெட்டியில் கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக் இருக்கிறதா என்று கேளுங்கள். கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தொடங்கியது. முதலாளியிடம் நெய்த குடும்பம் எந்த ஆண்டில் சங்கத்துக்கு மாறியது என்பது வீட்டில் நடந்த பல மாற்றங்களுக்கு விளக்கமாக அமையும்.

படி 9: பெரியவர்களிடம் பேசுவது

"வீடு எப்போ கட்டினது?" என்று கேட்டால் "நூறு வருஷம் இருக்கும்" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள். "தாத்தா, நீங்க முதல்ல எந்தத் தறியில உட்கார்ந்தீங்க? அப்போ மேல என்ன ஓடு?" என்று கேளுங்கள். "ஆயா, நீங்க கல்யாணமாகி வந்தப்போ இந்தச் சுவர் இருந்துச்சா?" பெண்களுக்குக் கல்யாணத்தை வைத்துக் கணக்கு துல்லியமாக இருக்கும். முடிந்தால் அவரோடு வீட்டுக்குள் நடந்துகொண்டே கேளுங்கள், நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் பாதிதான் வரும். போனில் பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேட்டுவிடுங்கள். தறியின் உறுப்புகளுக்கு அவர் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். பண்ணை என்று சொன்னால் பண்ணை, அச்சு என்று சொன்னால் அச்சு.

படி 10: வரைவது

1:50 அளவில் தரைப்படம் ஒன்று. குழி, தூண், முற்றம், கிணறு எல்லாம் அதில் வர வேண்டும். பிறகு குழியின் வழியாக வெட்டிய குறுக்குப்படம் ஒன்று: குழியின் அடியிலிருந்து கூரை முகடுவரை. இந்தக் குறுக்குப்படம்தான் நெசவாளர் வீட்டின் உயிர். இதை வரையாமல் நூறு படம் எடுத்தாலும் குறை. ஒவ்வொரு அறைக்கும் மூலைவிட்டத்தை அளக்க மறக்காதீர்கள், பழைய வீட்டில் எந்த மூலையும் சரியான செங்கோணமாக இருக்காது. மீட்டரில் அளந்தாலும் அடி அங்குலத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். கட்டியவர்கள் நினைத்த எண் அதில்தான் வெளிப்படும்.

முழுமையான வீடு ஒன்றைப் பார்த்துப் பழக விரும்பினால் முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தக்ஷிணசித்ராவுக்குப் போய்ப் பட்டு நெசவாளர் வீட்டில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அங்கே அளந்து பழகிவிட்டு ஊருக்குள் போனால் கண் தானாகப் பார்க்கும்.

படி 11: வீட்டைக் காப்பாற்ற விரும்பினால்

மண்சுவர்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். இதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் போதாது. மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று உவர் ஏறி, இரண்டு மூன்று மழைக்குள் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து, கூடவே மண்ணையும் இழுத்துக்கொண்டு விழும். எனக்குத் தெரிந்த ஒரு கூடம் இப்படித்தான் போனது. சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசும் கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள், கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் விசாரித்தால் கிடைப்பார்கள்.

மரத்தில் முதலில் பார்க்க வேண்டியது சுவருக்குள் போகும் முனை. கரையானும் ஈரமும் அங்கேதான் தொடங்கும். ஆணியால் குத்திப் பாருங்கள், சுலபமாக இறங்கினால் முட்டுக் கொடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஒழுகும் ஓட்டை அன்றே மாற்றுங்கள். தறிக்குழியை மூடித்தான் ஆக வேண்டும் என்றால் காங்கிரீட் ஊற்றாமல் சுத்தமான மணலை நிரப்பி மேலே கல் பாவுங்கள். நாளைக்குத் தோண்டி எடுக்கலாம்.

இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால்

பெரும்பாலும் இந்த நிலையில்தான் நமக்குச் சேதி வரும். இடிப்பவர்கள்மேல் கோபப்பட வேண்டாம். ஒழுகும் கூரைக்குக் கீழே குடியிருப்பவர்கள் அவர்கள். உங்களுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலையில் குழி, கூடம், குறுக்குப்படத்துக்கான உயரங்கள். மதியம் பெரியவரோடு நடந்து ஒலிப்பதிவு. வெளிச்சம் மங்கும் முன் ஒவ்வொரு அறையின் நான்கு மூலையிலிருந்தும் படம். இரண்டாம் நாள் மற்ற அறைகளின் அளவு. இடிக்கும்போது கிட்டவே இருங்கள். சுவரின் உள்ளடுக்கும் அடித்தளத்தின் ஆழமும் அந்த ஒரு நாள்தான் வெளியே தெரியும். ஓடு, செங்கல், வரிச்சுத் துண்டு, சுவர்ப் பூச்சுக் கட்டி என்று ஒவ்வொன்றில் ஒன்றைக் கேட்டு வாங்கி, எந்தச் சுவர், எந்த உயரம் என்று எழுதிக் கட்டிவையுங்கள்.

படங்களுக்கு ஊர், தெரு, தேதி, அறை, பார்க்கும் திசை என்று பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் உங்களுக்கே அடையாளம் தெரியாது. வரைபடத்தில் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, ஒன்றை ஊர் நூலகத்தில் கொடுங்கள். முதல் பிரதியை, குழியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்ற பெயர்களைப் பின்பக்கம் எழுதி, அந்த வீட்டாரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.